ஒரு முஸல்லா அளவு இடம்

அளவற்ற அருளாளனாகிய அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி எழுதத் தொடங்குகிறேன். எங்கள் ராத்தா இந்த உலகத்தை விட்டுப் போய் ஒரு வருடம் நிறைந்துவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்கள் அநேகமாக இப்போது ராத்தாவின் வீட்டு முன் மண்டபத்தில், பன்பாயில், பல பேர் சேர்ந்து சாப்பிடும் சஹன் தட்டுக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். சாப்பாடு வரச் சுணங்கினால் வாசியுங்கள். வந்துவிட்டால் மடித்து வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள். சோறு ஆறுவது ராத்தாவுக்கு ஒரு நாளும் பிடித்ததில்லை.

நான் ராத்தாவின் ஒரே தங்கை. அதே வளவில் பின் வீட்டில் இருக்கிறேன். இருபத்தெட்டு வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவள். என் வீட்டைத் தெரிந்தவர்கள் இந்த வரியிலேயே சிரிக்கத் தொடங்கியிருப்பார்கள். சிரியுங்கள், எனக்குப் பழக்கம்தான். "ராத்தா ஊடு வெச்சிருந்த துப்புரவப் பத்தி மலரில எழுதப் போறன்" என்று சொன்னபோது எங்கள் மாமி, "ஆரு, நீயா?" என்று கேட்டு, வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, ஆறுதலாக உட்கார்ந்து சிரித்தார். அவருக்கு நான் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். ராத்தாவின் வீடு பளபளவென்று இருந்ததை ஊரே பார்த்தது. அதைப் பளபளக்க வைக்க அவருக்கு மனசு வராத நாள்களைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

ராத்தா சாய்ந்தமருதில், பெரிய வீதிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் இதே வளவில் பிறந்தார். எங்கள் வாப்பா நிந்தவூர் ஆள். எங்கள் பகுதி வழக்கப்படி கல்யாணம் முடித்து உம்மாவின் வீட்டுக்கு வந்தவர். வரிப்பத்தான்சேனைப் பக்கம் அவருக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. போகம் முடிந்ததும் மூட்டைகள் வந்து மண்டபத்தை ஒட்டிய நெல்லறையில் அடுக்கப்படும். அந்த அறையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை அங்கேதான் போய் முடியும்.

சிறு வயதில் ராத்தா ஒரு பெரிய சோம்பேறி. நான் சொல்வது உண்மை. மையித்தாகிப் போய்ச் சேர்ந்தவர்களின் குறையைப் பேசக்கூடாது என்று எனக்கும் தெரியும். ராத்தாவின் மகளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க சாச்சி, உம்மா சிரிப்பாங்க" என்றாள். உம்மா "ஊட்டக் கூட்டு புள்ள" என்று நாலு தரம் சத்தம் போட்டால்தான் ராத்தா விளக்குமாற்றைத் தேடவே எழும்புவார். தேடி எடுத்ததும் அவருடைய வேலை மிகக் கெதியாக முடியும். கண்ணில் பட்ட எல்லாவற்றையும், குப்பை, கொப்பி, என் விளையாட்டுச் சாமான், வாப்பாவின் செருப்பு, ஒன்றும் பாக்கியில்லாமல் நெல்லறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார். "முடிஞ்சிது உம்மா!" என்பார். ஒரு தரம் வாப்பா ஒற்றைச் செருப்போடு ஜும்ஆவுக்குப் போகப் பார்த்தார். அன்றைக்கு உம்மாவிடம் அடி வாங்கியது நான்தான். ராத்தா என்னைக் கை காட்டிவிட்டார்!

கல்யாண வயது வந்ததும் வாப்பா முன் வீட்டை ராத்தாவுக்கு எழுதினார். நாங்கள் மூன்று பேரும் பின்பக்கம் இரண்டு அறை போட்டுக்கொண்டு போனோம். பிறகு அது எனக்கு வந்தது. ராத்தாவை முடித்த மச்சான் கல்முனைக் கடைத்தெருவில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தார். பொறுமையான மனிதர். ராத்தாவின் புதுக்குடித்தனம் வந்தவர்களுக்கு அழகாகத்தான் தெரிந்தது. ஆள் வருகிற சத்தம் கேற்றில் கேட்டால் நெல்லறைக் கதவு திறக்கும், எல்லாம் உள்ளே போகும், கதவு சாத்தப்படும். ஆள் போனதும் மச்சான் ஒரு பக்கமும் மகள் ஒரு பக்கமும் தங்கள் சாமான்களைத் தேடி உள்ளே இறங்குவார்கள். இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது, கடல் ஊருக்குள் வரும் வரைக்கும்.

சுனாமியைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பாயில் இருப்பவர்களில் யாரையாவது பறிகொடுக்காதவர் குறைவு. எங்கள் குடும்பத்தை அல்லாஹ் மிச்சம் வைத்தான். ராத்தாவின் வீட்டுச் சுவர்களும் நின்றன. உள்ளே முழங்கால் அளவு சேறு. பாடசாலை முகாமில் இருந்து ராத்தா ஒவ்வொரு நாள் காலையிலும் வீட்டைத் துப்புரவாக்கவென்று வருவார். வந்து வாசல்படியில் உட்கார்ந்து உள்ளே பார்ப்பார். பின்னேரம் எழும்பித் திரும்பிப் போவார். மூன்று நாள் இப்படி. "எங்க தொடங்கிற எண்டு விளங்கல்ல" என்று மட்டும் என்னிடம் சொன்னார். நெல்லறைக்குள் தள்ளிவிட ஏலாத குப்பையை ராத்தா அன்றைக்குத்தான் கண்டார்.

நான்காம் நாள் கடலோரத்து ஒழுங்கையில் இருந்து ஹாஜறா வந்தாள். புருஷனை இரண்டு நாளைக்கு முன்புதான் மையவாடியில் அடக்கியிருந்தார்கள். அவளுக்கு வீடு இருந்த இடமே தெரியவில்லை. படியில் இருந்த ராத்தாவைப் பார்த்து, "ராத்தா, ளுஹர் தொழ ஒரு இடம் இருக்குமா?" என்று கேட்டாள். ராத்தா எழும்பினார். ஒரு தகரத் தட்டை எடுத்து மண்டபத்தில் சேற்றை வழித்தார். கிணறு உப்பாகிக் கிடந்தது. பவுசர் லொறியில் வந்த தண்ணீரில் இரண்டு வாளியை ஊற்றித் தரையைத் தேய்த்தார். ஒரு தொழுகைப் பாய் விரிக்கிற அகலம், அவ்வளவுதான். ஒரே ஒரு முஸல்லா அளவு.

ஹாஜறா அதில் நின்றும் தக்பீர் கட்டித் தொழத் தொடங்கவில்லை. எங்கள் ஊரில் தொழுவதற்குக் கிப்லாவை, மேற்கைப் பார்த்து நின்றால் கடல் முதுகுப்பக்கம். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ராத்தாவுக்கு விளங்கிவிட்டது. வாசல்படியில் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டு, "நீ தொழு. கடல நான் பாத்துக்கொள்றன்" என்றார். அவள் சுஜூதில் நெற்றியைத் தரையில் வைத்துக் கிடந்து அழுத சத்தம் எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. ராத்தா திரும்பவில்லை. சொன்ன சொல்லுக்குக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் தொழுது முடிக்கும்போது இன்னொரு பெண் வாசலில் நின்றாள். ராத்தா பக்கத்தில் இன்னொரு முஸல்லா அளவு வழித்தார். பின்னேரம் அஸருக்கு ஐந்து பேர் ஒரு ஸஃபாக, வரிசையாக நின்றார்கள். நானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பத்து நாளில் வீடு வெளிச்சமாகிவிட்டது. "ஊட்ட நான் துப்புரவாக்கல்ல தங்கச்சி. தொழ வந்த ஆக்களுக்கு இடம் விட்டன், அவ்வளவுதான்" என்பார் ராத்தா, பிறகு யார் கேட்டாலும்.

அதற்குப் பிறகு ராத்தாவின் வீட்டில் நீங்கள் கண்டதெல்லாம் அந்த நாளில் தொடங்கியதுதான். அவருக்கு மனசு வராத காலைகள் நிறைய இருந்தன. தும்புத்தடியைக் கையில் வைத்துக்கொண்டு, "என்ட றப்பே, இண்டைக்கு ஒண்டும் ஏலாது" என்று நிற்பார். பிறகு, "சரி, ஒரு முஸல்லா அளவு" என்று தனக்குத்தானே சொல்லி ஒரு இடத்தைக் கூட்டுவார். சில நாள் அத்தோடு நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போவார். அதில் அவருக்கு ஒரு வெட்கமும் இல்லை. அநேகமான நாள் கை ஓடிவிடும், குசினி வரைக்கும் போய்த்தான் நிற்கும்.

ஒன்றை மட்டும் அவர் யாரையும் செய்ய விடமாட்டார். வாசலில் நின்று காலைத் தட்டி மணலை உதறுவது. "தட்டாம வாங்க! மணல் வந்தாத்தானே ஆள் வந்திருக்கெண்டு அர்த்தம். கூட்ட நான் இல்லையா?" என்பார். புதிதாக வருகிறவர்கள் இவர் கேலி செய்கிறார் என்று நினைத்து இன்னும் இரண்டு தரம் தட்டுவார்கள். அப்போது ராத்தாவுக்கு உண்மையிலேயே கோபம் வரும்.

இனி என் கதை. என் கணவர் மௌத்தானபோது நான் நாலு மாதமும் பத்து நாளும், கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தா இருந்தேன். வெளியே போக ஏலாது, வீட்டுக்குள் இருக்கவும் மனசில்லை. ஏற்கெனவே பரீட்சைத் தாள்களும் பிள்ளைகளின் கொப்பிகளுமாக நிறைந்த வீடு. இப்போது அதன் மேல் உடுப்பு, பாத்திரம், தூசி. நான் நடக்க ஒரு ஒற்றையடிப் பாதை மட்டும் கட்டிலில் இருந்து கிணற்றடிக்கு இருந்தது. ராத்தா வந்து கூட்டித் தருவார் என்றுதான் நினைத்தேன். கூட்டவில்லை. முதல் நாள் அஸர் வேளையில் முஸல்லாவைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார்.

"எனக்கு அஸர் தொழணும். இடம் காட்டு."

"உங்கட ஊட்டில இல்லாத இடமா ராத்தா?"

"எனக்கு இங்கதான் தொழணும். ஜன்னலடியில."

ஜன்னலடியில் தரம் எட்டுப் பிள்ளைகளின் கொப்பிகள் இடுப்பளவு இருந்தன. நான் வாய்க்குள் ஏசிக்கொண்டு அவற்றை நகர்த்திக் கூட்டினேன். ராத்தா தொழுதார், என் தலையைத் தடவினார், போய்விட்டார். நாளைக்கும் அதே இடம்தானே என்று நான் நிம்மதியாக இருந்தேன். மறுநாள் வந்து, "இண்டைக்கு அலுமாரிக்குப் பக்கத்தில" என்றார். எனக்குக் கோபம் வந்தது. "ஒரே இடத்தில தொழுதா அல்லாஹ் கபூலாக்க மாட்டானா?" என்று கேட்டேன். "நாம சுஜூது செஞ்ச நிலமெல்லாம் நாளைக்கு நமக்குச் சாட்சி சொல்லுமாம். எனக்குக் கனக்கச் சாட்சி வேணும், நகர்த்து" என்றார். நகர்த்தினேன்.

இத்தா முடிந்த நாளில் என் வீட்டில் ராத்தா தொழாத இடம் குசினி அடுப்படி மட்டும்தான். அந்த வீட்டில் தரை என்று ஒன்று இருப்பதை அன்றைக்குத்தான் கண்டேன். நகர்த்திய கட்டுகளில் பாதியை, "இதுகள நான் ஒரு இடத்தில பாத்து வெக்கிறன்" என்று ராத்தா தூக்கிக்கொண்டு போனார். எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டால் திருப்பித் தந்துவிடுவாரோ என்ற பயம்தான்.

மச்சான் மௌத்தாகி நாலு வருடத்தில் ராத்தாவுக்கு நெஞ்சு பலவீனமானது. மகள், புருஷன் பிள்ளைகளோடு டோஹாவில் இருந்தாள். கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் நான்தான் பக்கத்தில் நின்றேன். அங்கேயும் கட்டிலுக்குப் பக்கத்து மேசையைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு நாள் சாவிக் கொத்தை என் கையில் வைத்தார்.

"என்ட ஊட்டப் பூட்டி வெக்காத. ஆள் வந்து போற ஊடா வெச்சிரு."

"ஓம் ராத்தா."

"நீ ஓம் எண்டாத்தான் எனக்குப் பயம்." சிரித்தார். பிறகு குரலைக் குறைத்து, "நெல்லறையத் திறக்காத" என்றார்.

"ஏன் ராத்தா?"

"எலி."

அல்லாஹ்வின் நாட்டம், மூன்று நாளில் அமைதியாகப் போய்விட்டார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி றாஜிஊன்.

நாற்பதாம் நாள் முடிந்ததும் மகள் டோஹாவில் இருந்து என்னோடு கதைத்தாள். சீமெந்துக் கடைக்காரர் ஒருவர் வீட்டைக் களஞ்சியத்துக்குக் கேட்கிறாராம். கொடுத்துவிடலாமா என்று கேட்டாள். ராத்தா சொல்லிவிட்டுப் போனதைச் சொன்னேன். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "சாச்சி, கோவிக்காதீங்க. உங்கட ஊட்டப் பாத்துமா நான் நம்புற?" என்றாள். உம்மாவின் வாய் அப்படியே மகளுக்கு வந்திருக்கிறது. கடைசியில் பேசி முடித்தோம். வருட நினைவுக் கத்தத்துக்கு அவள் வருவாள். வீடு உம்மா வைத்திருந்த மாதிரி இருந்தால் சாவி என்னிடம். இல்லாவிட்டால் சீமெந்து மூட்டை.

முதல் இரண்டு கிழமை நான் போட்ட கூத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். புதுத் தும்புத்தடி, புது வாளி, தரைக்கு மணக்கிற தண்ணி. மூன்றாம் கிழமை எனக்கு ஒரு விசயம் பிடிபட்டது. ஆள் இல்லாத வீடு அழுக்காகவே மாட்டாது. நேற்றுக் கூட்டிய இடம் இன்றைக்கும் அப்படியே கிடக்கிறது. கூட்டினால் குப்பை வரவில்லை, ஒரு மணல் கூட வரவில்லை. யாருக்காகக் கூட்டுகிறேன்? ராத்தா சொன்ன ஒரு முஸல்லா அளவும் ஓடவில்லை. அதில் தொழ ஆள் இல்லையே. ஒரு நாள் விட்டேன். பிறகு ஒரு கிழமை. மாரி மழையில் கூரை ஒழுகிச் சுவரில் பூஞ்சணம் ஏறியது. மகள் வீடியோ கோல் எடுத்து, "சாச்சி, மண்டபத்தக் காட்டுங்க பாப்பம்" என்றால், "சிக்னல் இல்ல மகள்" என்று அணைத்துவிடுவேன். மூன்று தரம் இப்படிப் பொய் சொன்னேன். கணக்கு ரீச்சர் பொய் சொன்னது பாவம் என்பது ஒரு பக்கம். ராத்தாவுக்குச் சொன்ன "ஓம்" பொய்யாகப் போகிறதே என்று என் வீட்டுக் கட்டிலில் இருந்து அழுதேன். போய் ஒரு தும்புத்தடியைத் தூக்க மட்டும் என்னால் ஏலவில்லை.

நோன்புக்கு இரண்டு கிழமை இருக்கையில் ஹாஜறா வந்தாள். ஆம், அதே ஹாஜறாதான். இப்போது அவளுக்கு இரண்டு பேரப்பிள்ளைகள். நோன்பு இரவுகளில் பெண்கள் தறாவீஹ் தொழுகிற வீட்டில் இந்த முறை இடம் காணாதாம். வேறு வீடு தேடுகிறார்களாம்.

"ராத்தாட ஊட்டில தொழ ஏலுமா ரீச்சர்?"

"ஏலும்" என்று வாய் முந்திக்கொண்டது.

"எத்தினை பேர் புடிக்கும்?"

கணக்குத்தானே என் தொழில். மண்டபத்தில் அடி வைத்து அளந்தேன். "பதினெட்டு முஸல்லா."

"நாங்க முப்பது பேராவது வருவம். அந்த அறையையும் சேர்த்தா?" அவள் கை நெல்லறைக் கதவைக் காட்டியது.

ராத்தாவின் சொல் ஒரு பக்கம், முப்பது பேரின் தொழுகை ஒரு பக்கம். மன்னித்துக்கொள்ளுங்கள் ராத்தா என்று சொல்லிச் சாவியைப் போட்டேன். கதவு அரை அடிக்கு மேல் திறக்கவில்லை. தோளால் தள்ளினேன். உள்ளே இருந்து ஏதோ சரிந்து விழுந்தது. எலி இல்லை. எலி நுழையவே அங்கே இடம் இருக்கவில்லை!

சுப்ஹானல்லாஹ். ஐஸ்கிறீம் டப்பாக்கள், மூடி இல்லாத ஜாம் போத்தல்கள், இறகு உடைந்த காற்றாடி, மச்சான் கடையில் கொடுத்த கலண்டர்கள், கம்பி வெளியே வந்த குடைகள், சொப்பிங் பேக்குக்குள் சொப்பிங் பேக். கூரை வரைக்கும் ஏறிக் கிடந்தது. இத்தனை வருடமும் ஊர் மெச்சிய ராத்தா, ஆள் வருகிற சத்தம் கேட்டால் கையில் கிடைத்ததை அள்ளி உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறார்! நான் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஹாஜறா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ராத்தா மௌத்தான பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

சரிந்து விழுந்த கட்டைத் தூக்கியபோது சிரிப்பு நின்றது. தரம் எட்டு, கணிதம், இரண்டாம் தவணை. என் கையெழுத்து. அதற்குப் பின்னால் இன்னும் கட்டுகள், என் கணவரின் சட்டைகள் இருந்த பை, என் வீட்டு உடைந்த கதிரை. அறையில் பாதி என்னுடையது. "எலி" என்று ராத்தா சொன்னது தன் குப்பையை மறைக்க மட்டும் இல்லை.

ஹாஜறாதான் கீழே காட்டினாள். கதவுக்கு உள்பக்கம், சுவரோரம், ஒரு இடம் துப்புரவாக இருந்தது. சாமான்களை நேராக ஒதுக்கி, கூட்டி, ஈரத்துணியால் துடைத்த அடையாளம். நீளமாக, ஒரு ஆள் நின்று குனிகிற அகலம். சுவரில் ராத்தாவின் பழைய தும்புத்தடி சாத்தி இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் எப்போதோ, நெஞ்சு நோவோடு, அவர் இந்த அறையையும் தொடங்கியிருக்கிறார்.

நான் தும்புத்தடியை எடுத்தேன். அந்த இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு முஸல்லா அளவு ஒதுக்கினேன். ஹாஜறா எதையும் கேட்காமல் கட்டுகளைத் தூக்கி வெளியே வைத்தாள்.

நோன்பு மாதம் முழுக்க இந்த வீட்டுக்கு ஆள் வந்தது. முப்பது பேர் என்றார்கள், நாற்பது பேர் வந்து நெருக்கி நின்றார்கள். பிள்ளைகள் விறாந்தையில் ஓடின. விடியலில் ஸுபஹ் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் மண்டபம் முழுக்க மணல். அந்த மணலைக் கண்டபோது எனக்கு வந்த சந்தோசத்தைச் சொன்னால் பைத்தியம் என்பீர்கள். கூட்டினேன். மறுநாளும் மணல். மறுநாளும் கூட்டினேன். ராத்தா எப்படிச் சலிக்காமல் செய்தார் என்று இனி யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். நெல்லறையில் நாளுக்கு ஒரு முஸல்லா. பெருநாளோடு தறாவீஹ் நின்றாலும் ஆள் நிற்கவில்லை. கிழமைக்கு ஒரு நாள் பெண்கள் குர்ஆன் ஓத வருகிறார்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்கு விறாந்தையில் கணக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். கொப்பிகளைத் திருத்தி அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

சென்ற கிழமை மகள் வந்து இறங்கினாள். வந்த களைப்புக்கூட ஆறாமல் வீட்டைச் சுற்றினாள். ஜன்னல் கம்பியில் விரலை வைத்து இழுத்துப் பார்த்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், முதல் நாள் பாடம் நடத்தக் கரும்பலகைக்கு முன்னால் நின்றபோதும் நான் அப்படிப் பயந்ததில்லை. குசினி, விறாந்தை, மண்டபம். கடைசியாக நெல்லறைக்குப் போனாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், உம்மா தொடங்கி வைத்த இடத்தையும் காட்டினேன். அவள் அங்கே குந்தி உட்கார்ந்து தரையைக் கையால் தடவிக்கொண்டே இருந்தாள்.

அறையில் கடைசி மூலை மட்டும் மிச்சம் இருந்தது. இரண்டு கட்டு, உடைந்த காற்றாடி, ஒரு குடை. நான் அதை வேண்டுமென்றே விட்டு வைத்தேனா, சோம்பலில் விட்டேனா என்று எனக்கே தெரியாது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பி அந்த மூலையைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். போய்விட்டது, சீமெந்து மூட்டைதான் என்று நினைத்தேன்.

பெட்டியைத் திறந்து ஒரு முஸல்லாவை எடுத்தாள். உம்மாவுடையது, ஓரம் நைந்தது.

"சாச்சி, அஸர் ஆகிட்டு. எனக்குத் தொழ இடம் காட்டுங்க."

"மண்டபம் முழுக்கக் கிடக்குதே மகள்."

"எனக்கு இந்த மூலையிலதான் தொழணும்" என்றாள்.

நான் தும்புத்தடியை எடுத்து வந்தேன். அழுதுகொண்டுதான் கூட்டினேன், அதனால் அவ்வளவு துப்புரவாகக் கூட்டினேன் என்று சொல்ல ஏலாது. அவள் தொழுது முடித்து ஸலாம் கொடுத்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல், "சாவி உங்கள்ட்டயே இருக்கட்டும் சாச்சி" என்றாள்.

நன்றி சொல்லாமல் இந்த மலரை முடிக்க ஏலாது. ராத்தாவைக் குளிப்பாட்டிக் கபன் இட்ட சகோதரிகளுக்கும், சந்தூக்கைத் தோளில் தூக்கி மையவாடிக்குக் கொண்டுபோன ஊர்ப் பிள்ளைகளுக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாள்களில் சோறு அனுப்பிய அயல் வீடுகளுக்கும், மாரிக்குப் பிறகு கூரையில் ஏறி ஓடு மாற்றித் தந்து கூலியே வாங்க மறுத்த தம்பிக்கும் அல்லாஹ் நிறைந்த கூலியைத் தருவானாக. ஹாஜறாவுக்கு நன்றி சொன்னால் ஏசுவாள், ஆகவே சொல்லவில்லை. சீமெந்துக் கடைக்காரருக்கு வேறு இடம் கிடைத்துவிட்டதாம், அவருக்கும் எங்கள் துஆ உண்டு. சிரித்த மாமிக்கும் நன்றி. அவர் சிரித்திருக்காவிட்டால் நான் ரோசத்தோடு எழுதியிருக்க மாட்டேன்.

யா அல்லாஹ், எங்கள் ராத்தாவின் கபுறை வெளிச்சமும் விசாலமும் உள்ளதாக ஆக்குவாயாக. அவர் சுஜூது செய்த இடங்களை எல்லாம் அவருக்குச் சாட்சியாக்குவாயாக. என் வீட்டுக் கட்டிலடியில் இருந்து ஜன்னலடி வரைக்கும் நிறைய இருக்கின்றன, நான் காட்டுகிறேன்.

சாப்பாடு முடிந்ததும் உடனே எழும்பிப் போய்விடாதீர்கள். நெல்லறைக் கதவு இன்றைக்குத் திறந்தே இருக்கிறது, போய்ப் பாருங்கள். இனியும் வாருங்கள், எந்த நாளும் வாருங்கள். வரும்போது வாசலில் நின்று காலைத் தட்ட வேண்டாம். மணலோடு வாருங்கள். நாளைக் காலையில் எனக்குக் கூட்டுவதற்கு இந்த வீட்டில் ஏதாவது கிடக்கட்டும்.

ராத்தாவின் தங்கச்சி,
சாய்ந்தமருது.